சும்மா இருக்கும்போது சாகும் கம்ப்யூட்டர்

ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் ரெண்டர் பாதியில் நின்றால் யாரும் ஆடிப்போவதில்லை. சூடு, வோல்டேஜ் பத்தவில்லை, பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று ஏதாவது ஒரு காரணம் கைவசம் இருக்கும். நாள் முழுக்கக் கல்யாண வீடியோவை அரைத்துத் தள்ளிவிட்டு, கடைக்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகிறதே, அந்த ரகம்தான் ஆளைச் சுற்றவிடும்.

புதுக்கோட்டை டவுனிலும் ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி பக்கமும் ஸ்டூடியோக்காரர்கள், பிளெக்ஸ் கடைக்காரர்களின் மெஷின்களைப் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் புது மெஷின் வாங்குவதில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய 'கே' வகை பிராசஸரும் அதற்கேற்ற போர்டும் வரவழைப்பார்கள். 'கே' என்றால் பெருக்கி பூட்டப்படாதது, வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம். ஆவணி, தை என்று முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஆல்பமும் வீடியோவும் குவியும். பத்து சதவீத வேகம் கூடினாலும் ராத்திரி ஒரு மணி நேரம் சீக்கிரம் படுக்கப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. தப்புச் சொல்ல முடியாது.

ஆலங்குடிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ தம்பி போன் செய்தார்.

"அண்ணே, ராத்திரி முழுக்க ரெண்டர் போட்டாலும் ஒண்ணும் ஆகலண்ணே. எந்திரிச்சுப் போயிட்டு வந்தா லாகின் ஸ்கிரீன்ல வந்து நிக்கிது. ஒருத்தர் வந்து பயாஸ்ல என்னமோ எல்லாத்தையும் ஆஃப் பண்ணிக் குடுத்தாரு. அதுக்கப்புறம் நிக்கல. ஆனா ஃபேன் கத்திக்கிட்டே இருக்கு. சும்மா வச்சிருந்தாலே சூடு."

"என்னத்த ஆஃப் பண்ணாருன்னு தெரியுமா?"

"சி-ஸ்டேட்டுன்னு ஏதோ சொன்னாருண்ணே."

இணையத்தில் எங்கே தேடினாலும் ஓவர்கிளாக் செய்கிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை இதுதான்: மின்சிக்கன அமைப்புகளை எல்லாம் அணைத்துவிடு. நோய் நின்றுவிடும் என்பது உண்மைதான். என்ன நோய் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. இந்த மெஷினில் ஒன்றுக்கு இரண்டு நோய் ஒளிந்திருந்தது.

பிராசஸர் எப்படித் தூங்குகிறது

மெஷின் ஐ7-4790கே. இன்டெல் 2014-இல் விட்ட நான்கு கோர் சிப். அடிப்படை வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ். ஒரு கோர் மட்டும் ஓடினால் 4.4 வரை தானாகவே போகும் (இதுதான் டர்போ), நான்கும் சேர்ந்து ஓடினால் 4.2. தம்பியின் மெஷினில் நான்கு கோரையும் 4.6-க்கு ஏற்றி வைத்திருந்தார்கள்.

மின்சிக்கனம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது, வேலை குறைந்தால் வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்து இறக்குவது. இன்டெல் இதற்கு ஸ்பீட்ஸ்டெப் என்று பெயர் வைத்தது, பயாஸில் ஈஐஎஸ்டி என்று இருக்கும். 2015-இல் வந்த ஸ்கைலேக் முதல் ஸ்பீட் ஷிப்ட் என்ற புது முறையும் சேர்ந்தது. ஏஎம்டி பக்கம் இதே வேலைக்குக் கூல் அண்ட் கொயட் என்று பெயர்.

இரண்டாவது, வேலையே இல்லாத கோரைத் தூங்க வைப்பது. இதுதான் சி-ஸ்டேட். சி0 என்றால் விழித்திருக்கிறது. சி1 கோழித் தூக்கம், கூப்பிட்ட மாத்திரத்தில் எழுந்துவிடும். சி1ஈ என்றால் அதோடு வோல்டேஜும் குறையும். சி3 இன்னும் ஆழம். சி6-க்குப் போனால் கும்பகர்ணத் தூக்கம்தான்: கோர் தன் நிலையைத் தனியாக ஒரு நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு, தனக்கு வரும் மின்சாரத்தையே ஏறக்குறைய முழுசாகத் துண்டித்துக்கொள்ளும். மவுஸை அசைத்தால் அத்தனையும் திரும்ப வரவேண்டும்.

அதாவது, சும்மா இருக்கிற நேரம் பிராசஸருக்கு ஓய்வு நேரம் என்றாலும் மின்சாரத்துக்கு அது ஓய்வு நேரம் இல்லை. தூங்குவதும் எழுவதும் ஒரு நொடிக்குள் எத்தனையோ தடவை நடக்கும். அந்தந்த நேரம் வோல்டேஜ் இறங்கும், ஏறும். ரெண்டர் ஓடும்போது எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பதால் பிரச்சினை தெரியாது. மெஷின் சறுக்குவது இந்த ஏற்ற இறக்கத்தில்தான்.

எல்லாவற்றையும் அணைத்தால் என்ன குறை?

மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். ஒரு உதாரணக் கணக்குப் போடலாம். 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.10 வோல்ட்டில் ஓடிய சிப்பை 4.6-க்கும் 1.25-க்கும் ஏற்றினால் வேகம் கூடுவது சுமார் 9.5 சதவீதம். செலவு கூடுவதோ சுமார் 41 சதவீதம். ரெண்டர் ஓடும்போது அந்தச் செலவுக்கு ஒரு பலன் இருக்கிறது. மின்சிக்கனத்தை மொத்தமாக அணைத்துவிட்டால், யூடியூபில் பாட்டு ஓடும்போதும் கடைக்காரர் சாப்பிடப் போயிருக்கும்போதும் கோர்கள் அதே உச்சி வோல்டேஜில் விழித்துக்கொண்டு கிடக்கும்.

சும்மா இருக்கையில் 20 வாட் வீண் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்து மணி நேரம் மெஷின் இப்படிக் கிடந்தால் இரண்டு மாத பில்லில் 12 யூனிட். பணம் பெரிதில்லை என்பார்கள், விடுங்கள். சூடு இருக்கிறதே! காற்றால் குளிர வைக்கும் கூலர் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. கத்திரி வெயிலில் நம் ஊர் அறை 38 டிகிரியில் இருந்தால், வேறு ஊரில் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து வீடியோ போடுகிறவருடைய சிப்பைவிட நம்முடையது 16 டிகிரி முன்னாலேயே ஓட்டத்தைத் தொடங்குகிறது. இந்தச் சிப் 100 டிகிரியைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் 4.6 எங்கே நிற்கும்?

வரிசை மாறாமல் பார்க்கவேண்டும்

முதலில் விண்டோஸின் ஈவென்ட் வியூவர். கெர்னல்-பவர் 41 என்று இருந்தால் மெஷின் முறையாக மூடப்படாமல் நின்றது என்று மட்டும் அர்த்தம். அதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. ஹியா-லாகர் என்ற பெயரில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 19 என்றால் பிராசஸர் தவறு செய்து தானே திருத்திக்கொண்டது. 18 என்றால் திருத்த முடியாத தவறு. ப்ளூ ஸ்கிரீனில் 124 அல்லது 101 என்று முடியும் எண் வந்தால் கோர் வோல்டேஜைச் சந்தேகிக்கலாம். இந்தத் தடயம் ஒன்றும் இல்லாமல் சுவிட்சை அணைத்ததுபோல் மெஷின் பட்டென்று நின்றால் சந்தேகம் மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பவேண்டும்.

அடுத்தது, ஓவர்கிளாக்கை முழுசாக எடுத்துவிடுவது. பயாஸில் டீஃபால்ட் ஏற்றி, மின்சிக்கன அமைப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே போய் எனேபிள் செய்யுங்கள். 'ஆட்டோ' என்று விடாதீர்கள், ஒவ்வொரு போர்டுக்கும் ஆட்டோவின் அர்த்தம் வேறு. பிறகு மெஷினைச் சும்மா போட்டு வையுங்கள். ஓவர்கிளாக் இல்லாமலேயே நின்றால், இத்தனை நாள் ஓவர்கிளாக்கைத் திட்டியது வீண்.

ஆலங்குடி மெஷின் ஓவர்கிளாக் இல்லாமலேயே நின்றது. ஹியா பதிவு எதுவும் இல்லை. சி6-ஐவிட ஆழமான சி7-ஐ அணைத்தேன், நின்றது. சி6-ஐயும் அணைத்தேன், நிற்கவில்லை. சி3, சி1ஈ, ஈஐஎஸ்டி மூன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. அணைக்கும்போது ஆழமான தூக்கத்திலிருந்து மேலே வரவேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான். அப்போதுதான் குற்றவாளி தனியாக மாட்டும்.

முதல் நோய்: பழைய எஸ்எம்பிஎஸ்

4790கே சேர்ந்த ஹஸ்வெல் குடும்பம் 2013-இல் வந்தபோதே இந்தச் சிக்கல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சி6, சி7 தூக்கத்தில் இந்தச் சிப் 12 வோல்ட் கம்பியிலிருந்து இழுக்கும் கரண்ட் 0.05 ஆம்பியர் வரை இறங்கலாம். வாட்டில் சொன்னால் வெறும் 0.6. அதற்கு முந்தைய எஸ்எம்பிஎஸ் வழிகாட்டி குறைந்தபட்சம் 0.5 ஆம்பியராவது இழுக்கப்படும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. அதாவது 6 வாட். பத்தில் ஒரு பங்கு.

பழைய மலிவு எஸ்எம்பிஎஸ் பலவற்றில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்று சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கம் சுமை திடீரென்று காணாமல் போனால் அந்தப் பக்க வோல்டேஜ் மேலே ஏறும். 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்கவேண்டும் என்பது விதி. தாண்டிப் போனால் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும், அல்லது போர்டு ரீசெட் ஆகும். ரெண்டர் நேரத்தில் சுமை இருப்பதால் எஸ்எம்பிஎஸ் ஒழுங்காக நடந்துகொள்கிறது. டீ நேரத்தில் சுமை இல்லை, கவிழ்ந்துவிடுகிறது. இதற்குப் பயந்துதான் அப்போது போர்டு நிறுவனங்கள் சி6, சி7 இரண்டையும் பயாஸில் அணைத்தே அனுப்பின.

தம்பியின் கேபினெட்டில் இருந்தது அதற்கு முந்தைய மெஷினிலிருந்து கழற்றி மாட்டிய எஸ்எம்பிஎஸ். பிராசஸருக்கும் போர்டுக்கும் கூலருக்கும் காசு செலவழித்தவர்கள் அதில் மட்டும் கை வைக்கவில்லை. இந்தத் தூக்கங்களைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்ட, 12 வோல்ட்டிலிருந்து மற்ற வோல்டேஜ்களைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வகை ஒன்றை மாட்டியதும் ஓவர்கிளாக் இல்லாத நிலையில் மெஷின் சாதுவாகிவிட்டது. சி6-ம் ஓடியது, சி7-ம் ஓடியது. புது எஸ்எம்பிஎஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் இந்த இரண்டை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை ஓடவிடலாம். சிக்கனத்தில் பெரும்பகுதி கையிலேயே இருக்கும்.

இரண்டாவது நோய்: கழித்து வைத்த வோல்டேஜ்

பழைய ஓவர்கிளாக் அமைப்பைத் திரும்ப ஏற்றியதும் மெஷின் மறுபடி படுத்தது. இந்தத் தடவை சுவிட்ச் அணைந்தது போல் இல்லை. திரை உறைந்தது, ப்ளூ ஸ்கிரீன் வந்தது, ஹியா பதிவும் இருந்தது. வேறு நோய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஈஐஎஸ்டியை மட்டும் அணைத்தால் தொல்லை நின்றுவிடுகிறது. ஆக, வேகம் இறங்கும்போதுதான் தடுக்கிறது.

இங்கே கோர் வோல்டேஜ் கொடுக்கும் முறைகளைப் பார்க்கவேண்டும். மேனுவல் என்றால் நாம் சொன்ன எண்ணிலேயே நிற்கும், வேகம் இறங்கினாலும் வோல்டேஜ் இறங்காது. ஆஃப்செட் என்றால் சிப் தனக்கென்று வைத்திருக்கும் பட்டியல் முழுவதிலும் நாம் சொன்ன அளவைக் கூட்டும் அல்லது கழிக்கும். அடாப்டிவ் என்றால் டர்போ வேகத்துக்கு மட்டும் நம் எண், கீழே சிப்பின் சொந்தக் கணக்கு.

அந்த மெஷினில் யாரோ சூட்டைக் குறைக்க ஆஃப்செட்டில் மைனஸ் போட்டிருந்தார்கள். 4.6-இல் ஓடும்போது சிப்பின் பட்டியலே தாராளமாக வோல்டேஜ் கேட்பதால் கழித்தாலும் மிச்சம் இருந்தது. அதே கழித்தல் அடிமட்ட வேகத்துக்கும் பொருந்தும். அங்கே ஏற்கெனவே குறைவாக இருந்ததிலிருந்து கழித்தால் என்ன மிஞ்சும்? ஆஃப்செட்டை எடுத்துவிட்டு அடாப்டிவுக்கு மாற்றினேன். ஒரு எச்சரிக்கை: ஹஸ்வெல்லில் அடாப்டிவ் முறையில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளைப் பயன்படுத்தும் சோதனை மென்பொருள் ஓட்டினால், சிப் நாம் கேட்டதைவிடக் கூடுதலாக வோல்டேஜ் எடுத்துக்கொள்ளும். பிரைம்95-இன் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

லோட் லைன் காலிபரேஷன் என்ற அமைப்பையும் உச்சியில் வைக்கவேண்டாம். சுமை ஏறும்போது வோல்டேஜ் சரிவதை அது தடுக்கும், சரி. ஆனால் உச்சியில் வைத்தால் ரெண்டர் முடிந்து சுமை விடுபடும் அந்தக் கணத்தில் வோல்டேஜ் துள்ளும். நடு மட்டம் போதும்.

கடைசியில் 4.6-ஐயும் 4.4-க்கு இறக்கினேன். தம்பிக்கு முகம் வாடியது. "இருநூறு மெகாஹெர்ட்ஸ் போச்சேண்ணே" என்றார். நான்கு கோரும் 4.4-இல் ஓடுவதே கம்பெனிக் கணக்கைவிட அதிகம்தான். வோல்டேஜும் குறைந்தது, அத்தனை மின்சிக்கனமும் ஓடுகிறது, ஃபேன் அடங்கியது. மே மாத மத்தியானத்திலும் சூட்டால் வேகம் குறையாமல் ரெண்டரை முடித்தால் அதுதான் உண்மையான வேகம்.

புது மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

இது பழைய சிப் கதை என்று நகர்ந்துவிடாதீர்கள். 2017-இல் ஏஎம்டி ரைசன் வந்த புதிதில் லினக்ஸ் ஓட்டியவர்கள் இதே புகாரைச் சொன்னார்கள்: சும்மா விட்டால் உறைந்துவிடுகிறது. அதற்காகப் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்று ஒரு அமைப்பு சேர்ந்தது. அதை டிபிகல் கரண்ட் ஐடில் என்று மாற்றினால் பலருக்குச் சரியானது. வோல்டேஜைக் கூட்டவோ குறைக்கவோ ரைசன் 5000 முதல் வந்த கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டுவிட்டு, சினிபெஞ்ச் சோதனை ஓடிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் கவனியுங்கள். ரைசனில் ஒற்றைக் கோர் உச்சி வேகத்தைத் தொடுவது லேசான வேலையில்தான். சோதனையில் பாஸ் ஆகி பிரவுசரில் ஃபெயில் ஆகும். ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் போன்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்புகள் பழுதான விவகாரம் 2024-இல் பெரிதாக வெடித்தது. அந்த ஏப்ரலில் இன்டெல் சொன்ன குறிப்பில், போர்டுகளில் காணப்படும் வரம்பு மீறிய அமைப்புகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. சி-ஸ்டேட்டை அணைத்து வைப்பதும் விண்டோஸின் அல்டிமேட் பெர்ஃபார்மன்ஸ் திட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் வந்தது. செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி, மெஷின் சும்மா இருக்கும்போதும் லேசாக வேலை செய்யும்போதும் சிப் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்பதைத் திருத்தியது. வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். அந்தத் தலைமுறைச் சிப் வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக் பற்றி யோசிக்கும் முன்னால் பயாஸ் புதுப்பித்தாகிவிட்டதா என்று பாருங்கள்.

நம்ம ஊர் கரண்ட்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் மாவட்டத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதிலிருந்து எந்த மெஷினைப் பார்த்தாலும் பின்னால் யுபிஎஸ்ஸா இன்வெர்ட்டரா, என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுவேன். கரண்ட் போன கணத்தில் மெஷின் ரீஸ்டார்ட் ஆவதையும் பலர் ஓவர்கிளாக் கணக்கில் எழுதுகிறார்கள். வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் நேரம் கூடும். எஸ்எம்பிஎஸ் தன் உள்சேமிப்பில் தாங்குவது பதினேழு மில்லிசெகண்ட் போலத்தான். கீரமங்கலம், வடகாடு பக்கம் போல ஆழ்குழாய் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும் ஊர் என்றால் லோ வோல்டேஜ் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மினிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100 ஆக்கினால் வேகம் இறங்காது, ஆனால் சி-ஸ்டேட் தூக்கம் தொடரும். இரண்டு நோயில் எது என்று பயாஸுக்குள் போகாமலே ஓரளவு பிரித்துப் பார்க்க இது உதவும். பார்த்து முடித்ததும் பழையபடி 5-க்கு மாற்றுங்கள். மேக்ஸிமமை 99 ஆக்கினால் இந்த வயதுச் சிப்புகளில் டர்போ அடங்கிவிடும், ஏற்றி வைத்த வேகமும் அதோடு போகும். ஏசி ஓடாத கத்திரி மத்தியானத்துக்கு நல்ல கைமருந்து.

ஓவர்கிளாக் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மின்சிக்கனம் அத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும்போது நிலைத்து நிற்கும் வேகம் எதுவோ அதுவே உங்கள் சிப்பின் வேகம். அணைத்து வைத்தால்தான் நிலைத்து நிற்கும் என்றால் அந்த ஓவர்கிளாக் இன்னும் முடியவில்லை. யாரிடம் மெஷினைக் கொண்டுபோனாலும் நான்கை எழுதிக் கொண்டுபோங்கள்: எஸ்எம்பிஎஸ் என்ன மாடல், எத்தனை வருஷம் ஆனது, பயாஸில் வோல்டேஜ் எந்த முறையில் இருக்கிறது, நின்றபோது ஈவென்ட் வியூவரில் என்ன எண் இருந்தது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.